கன்னியம்மா சொன்னதும் நான் சொன்னதும்

உன் அலுவலகத்தில் இருக்கும் ஆம்பூர்க் கோப்பு பொய். ஏதோ ஒரு தாள், இரண்டு தாள் இல்லை, முழுக் கோப்பும் பொய். அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவள் நான். அந்தப் பொய்யால்தான் நீ படித்தாய். அந்தப் பொய்யால்தான் இன்று அதே கட்டடத்தில் உனக்கு ஒரு மேஜை கிடைத்திருக்கிறது.

இதை உனக்குத் தனியாக இரண்டு முறை எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்கு, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, கம்பளிக் கையுறை வாங்கினேன் என்று பதில் எழுதினாய். இரண்டாவது கடிதத்துக்கு ஒரு பட அட்டை வந்தது. பனி மூடிய கோயில், பின்பக்கத்தில் “உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா” என்று ஒரு வரி. கேட்டதற்குப் பதில் இல்லை. எனக்கு இது பழக்கமான பதில்தான். பத்து வருஷம் வெளிநாட்டுக் கொடையாளர்கள் அனுப்பிய இப்படிப்பட்ட அட்டைகளைப் பிரித்து, எந்த அட்டை எந்தப் பிள்ளைக்கு என்று பிரித்துக் கொடுத்தவள் நான். அதனால் மூன்றாவது கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன் பெயரையும் என் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கன்னியம்மாவின் பெயர் இருக்கட்டும் என்றேன். தன் பெயரைப் போடச் சொன்னது அவளேதான்.

வேலை கிடைத்த நாளில் நீ எழுதிய கடிதம் என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. “மனித உரிமையை மதிக்காத அரசுகளின் நாட்டுக்கு உதவி கிடையாது என்பதுதான் அம்மா எங்கள் கொள்கை. அதைக் கவனிக்கிற பிரிவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். உதவி வாங்கி வளர்ந்த ஒருவன் அந்த மேஜையில் உட்கார வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள்.” இதை நான் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கொள்கை என்று வரும் வரியை இரண்டு முறை படித்தேன். பெருமையில் படித்தேன் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தக் கொள்கை எனக்குப் புதிது இல்லை. அது ஒருமுறை இந்த ஊருக்கு வந்து, பந்தலில் உட்கார்ந்து, இளநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. அது வந்த நாளில் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

உன் அப்பா இறந்த இரண்டாம் மாதம் எனக்கு அந்தத் திட்ட அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். தட்டச்சும் மொழிபெயர்ப்பும். வெளிநாட்டுச் சபைகள் அனுப்பும் உதவியில் காலனிப் பிள்ளைகளுக்குக் காலையில் பால், தோல் பதனிடும் டேனரித் தொழிலாளிகளுக்கு ஒரு சின்ன மருந்தகம், குடிதண்ணீருக்கு ஆழ்குழாய்க் கிணறு. டேனரித் தண்ணீர் இறங்கி இறங்கிப் பழைய கிணறுகள் எல்லாம் உப்புக் கரித்த ஊருக்கு அந்தக் குழாய் பெரிய விஷயம். படிக்கிற பிள்ளைகளுக்கு விடுதிக் கட்டணமும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே ஒரு கொடையாளர் இருப்பார். பிள்ளை அவருக்கு வருஷம் இரண்டு முறை தமிழில் நன்றிக் கடிதம் எழுத வேண்டும். அதை நான் ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்புவேன்.

பிள்ளைகள் எதையெல்லாமோ எழுதும். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறார், அண்ணன் கை சுண்ணாம்பில் வெந்துவிட்டது, பாலில் புழு கிடந்தது. நான் சேர்ந்த முதல் வாரத்தில் அப்படியே மொழிபெயர்த்தேன். திட்டத்தை நடத்துகிற எங்கள் பெரிய சார் கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். “அம்மா, அங்க ஒரு ரிட்டையர் ஆன மனுசன் தன் பென்ஷன்ல மிச்சம் புடிச்சி அனுப்புறாரு. அவருக்குப் போயி புழு கதை எழுதினா மனசு ஒடஞ்சிடும். நல்லாருக்கேன், உங்க உதவி பிரயோஜனமா இருக்கு, உங்களுக்காக ஜெபம் பண்றேன். இந்த மூணும் இருந்தா போதும்.” அதிலிருந்து மூன்று வாக்கியம்தான். பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். போகப் போக, தமிழ்க் கடிதத்தைப் படிக்காமலே ஆங்கிலக் கடிதம் தட்டிவிடுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது. அதை நான் வேலையில் தேர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை மட்டும் படித்தேன். நீ என் மகன் அல்லவா. ஏழாம் வகுப்பு. வார்டன் பெல்டால் அடிக்கிறார், முதுகில் தழும்பு இருக்கிறது, அங்கிள், நீங்கள் சொன்னால் அவர் கேட்பார் என்று எழுதியிருந்தாய். எனக்கு எழுதாமல், பார்த்தே இராத அந்த மனிதருக்கு எழுதியிருந்தாய். எல்லாக் கடிதமும் என் மேஜைக்கு வரும் என்பது உனக்குத் தெரியாது. நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு தாளை மெஷினில் சொருகி, விடுதியில் சந்தோஷமாக இருக்கிறேன் என்று தட்டினேன். விடுதி போனால் உன் படிப்பு போகும், படிப்பு போனால் நீ டேனரி கேட்டுக்குத்தான் போவாய் என்று கணக்குப் போட்டேன். பதிலுக்கு உனக்கு ஒரு பனி அட்டை வந்தது. நீ சந்தோஷமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி என்று அதில் எழுதியிருந்தது. அந்த லீவில் நீ வீட்டுக்கு வந்து மூன்று நாள் சட்டையைக் கழற்றவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

அதே வருஷம்தான் எமர்ஜென்சி நம் ஊருக்கு நிஜமாக வந்தது. மாநில ஆட்சியைக் கலைத்த பிறகு தொழிற்சங்கத்து ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். ஏழுமலை பெரிய தலைவன் ஒன்றும் இல்லை. டேனரிச் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவன். கைக்கு உறையும் காலுக்கு பூட்ஸும் கேட்டுக் கையெழுத்து வாங்கினான், அவ்வளவுதான். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனவனை டேனரி கேட்டில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். நாற்பது பேர் பார்த்தார்கள். சுண்ணாம்பு காயாத காலோடு ஏறினான் என்று சொல்வார்கள். அவன் மனைவி கன்னியம்மா ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டபோது, அப்படி ஒருவனை நாங்கள் கொண்டு வரவே இல்லை என்றார்கள். அடுத்த ஸ்டேஷனில் கேள் என்றார்கள். அங்கேயும் இதே பதில். கைக்குழந்தை இல்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த வசதி. ஒரே மகள் செல்விக்கு ஆறு வயது. நம் பால் வரிசையில் நிற்கிற பிள்ளை. லீவில் வரும்போது நீ அவளுக்கு டம்ளர் பிடித்துக் கொடுத்திருக்கிறாய்.

ஆடி மாதம் உதவி அனுப்பும் சபையிலிருந்து அவர்கள் வந்தார்கள். ஒரு வயதான மனிதர், ஒரு அம்மா. அவர்கள் நாட்டில் புது விதி போட்டிருந்தார்கள். உதவி வாங்குகிற இடத்தில் மக்களுக்கு உரிமை இருக்கிறதா என்று நேரில் பார்த்துத்தான் இனிப் பணம். பெரியவர் கையில் அச்சடித்த தாள் இருந்தது. இந்தப் பகுதியில் யாராவது விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டிருக்கிறார்களா, யாரையாவது கட்டாயப்படுத்திக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்கிறார்களா, இப்படிக் கேள்விகள். நல்ல கேள்விகள். அந்தக் கேள்விகளைக் கேட்க நம் நாட்டில் அன்றைக்கு ஒரு ஆள் இல்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின நாளே பெரிய சார் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அவர் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுத முடியவில்லை. “நிஜம் பேச எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா நிஜம் பேசினா என்ன ஆவும்னு யோசிங்க. போலீஸ்காரனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அவன் நம்ப பாலையா குடிக்கிறான்? டெல்லியில இருக்கறவங்களுக்கு ஆம்பூர்ல பால் நின்னா தூக்கம் கெட்டுடுமா? நிக்கிறது நம்ப புள்ளைங்களுக்கு. அதுங்க குடிக்கிற பால நம்ப வாயால கொட்டிடக் கூடாது.” நாங்கள் எழுந்து பந்தல் வேலையைப் பார்க்கப் போனோம். அவர் கேட்டதற்கு இன்றைக்காவது உன் அலுவலகத்தில் யாரிடமாவது பதில் இருக்கிறதா?

மறுநாள் பந்தல் போட்டு, மாலை போட்டு, பிள்ளைகள் நன்றிப் பாட்டுப் பாடி, பேச வேண்டிய மூன்று பெண்கள் பேசினார்கள். அந்த மூவர் பட்டியலில் கன்னியம்மா இல்லை. கூட்டத்தின் பின்னால் இருந்தவள் திடீரென்று எழுந்து நேராக அந்த அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். “எக்கா, ஒக்காரு, போட்டோ புடிக்கிறாங்க” என்று யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உதறிவிட்டுப் பேசினாள். ஒரு எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“அம்மா, எம் பேரு கன்னியம்மா. எம் புருசன் பேரு ஏழுமல. சுண்ணாம்புக் குழியில வேல. கைக்கு உறை குடு, காலுக்கு பூட்ஸ் குடுன்னு கேட்டுச்சு. அதுக்கு கேட்டுல வச்சி ஜீப்புல ஏத்திக்கினு போய்ட்டாங்க. அஞ்சு மாசம் ஆவுது. டேசன்ல கேட்டா அப்பிடி ஒருத்தன இட்டாரவே இல்லன்றாங்க. நான் கேட்டா தொரத்துறாங்க. நீ பெரிய எடத்து அம்மா, நீ கேட்டா சொல்லுவாங்க. எங்க வச்சிகீறாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு. வேற இன்னாவும் வேணாம்.”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். பந்தல் காலில் சாய்ந்தபடி, யார் வீட்டு ஆளும் இல்லாத ஒருவர் சபாரிச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். அவர் போலீஸ் என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்குப் பயந்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் பயத்துக்கு முன்னாலேயே என் வாய் பேச ஆரம்பித்துவிட்டது. “இவளுடைய கணவர் வெளியூர் போயிருக்கிறார், தனியாகப் பிள்ளையை வளர்க்கிறாள். உங்கள் பால் பெரிய உதவியாக இருக்கிறது. தினமும் உங்களுக்காக ஜெபம் செய்கிறாள்.” அதே மூன்று வாக்கியம். கன்னியம்மா மாரியாத்தா கோயிலுக்குப் போகிறவள். அவளை ஜெபம் செய்ய வைத்துவிட்டேன்.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அதைக் கன்னியம்மா பார்த்தாள். போகும்போது என்னிடம் வந்து, “அழுதுச்சு பாத்தியா டைப்பம்மா? எழுதிக்கிச்சு. இன்னா இருந்தாலும் பொம்பள இல்ல” என்றாள். நான் தலையாட்டினேன். பெரியவரின் தாளில் எல்லாக் கேள்விக்கும் எதிரே, தெரிந்தவரை அப்படி எதுவும் இல்லை என்று அன்று சாயங்காலம் நானே தட்டிக் கொடுத்தேன். உன் மேஜையில் இருக்கும் கோப்பில் அந்தத் தாளும் இருக்கும். கீழே இடது மூலையில் சின்ன எழுத்தில் என் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். போய்ப் பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இளநீர் குடிக்கும்போது அந்தப் பெரியவர் கால் மேல் கால் போட்டிருந்தார். நல்ல ஷூ. எங்கள் கணக்கர் என் காதில், “நம்ம ஊர் தோலுதாம்மா, இங்க இருந்து போயி அங்க தெச்சி அவுரு கால்ல ஏறி திரும்பி வந்துகீது” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஏழுமலை புரட்டிய தோலாகக்கூட இருந்திருக்கலாம். அவனை ஜீப்பில் ஏற்றிய கேட் வழியாகத்தான் அந்த நாட்டுக்கு லாரி லாரியாகத் தோல் போயிற்று. பாலுக்கு விதி போட்டவர்கள் தோலுக்கு ஒரு விதியும் போடவில்லை. கையுறை கொடுத்தாயா, பூட்ஸ் கொடுத்தாயா, கேட்டவனை எங்கே அனுப்பினாய் என்று தோல் வாங்க வந்த ஒருவரும் முதலாளியைக் கேட்டதில்லை. உரிமையைப் பற்றிய கேள்வி எல்லாம் கையேந்தி நிற்கிறவனிடம்தான். நீ உட்கார்ந்திருக்கும் பிரிவில் இதற்கு ஒரு தாள் அச்சடிக்கச் சொல். அச்சடிக்க மாட்டார்கள். அப்போது உனக்குப் புரியும்.

அதன் பிறகு கன்னியம்மா சனிக்கிழமைதோறும் ஷிப்டு முடிந்து அலுவலகத்துக்கு வருவாள். ஏழுமலையின் வேலையை அவளுக்கே கொடுத்திருந்தார்கள், பாதிச் சம்பளத்தில். வாசலிலேயே நிற்பாள், மேலே நாறும் என்று உள்ளே வர மாட்டாள். “அந்தம்மா பதில் போட்டுச்சா?” என்பாள். “இன்னும் இல்ல, பாக்கறேன்” என்பேன். எமர்ஜென்சி முடிந்து, பிடித்துக்கொண்டு போனவர்கள் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அவள் ஒவ்வொரு பஸ்ஸாக இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். ஏழுமலையை ஜெயிலில் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அப்போதாவது நான் அந்த அம்மாவுக்கு உண்மையை எழுதியிருக்கலாம். எழுதினேன், தட்டச்சும் செய்தேன். உன் எஸ்.எஸ்.எல்.சி. முடியட்டும் என்று இழுப்பறையில் வைத்தேன். பிறகு பிளஸ் டூ முடியட்டும் என்று வைத்தேன். பிறகு இழுப்பறையையே திறக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து அங்கே ஏதோ பத்திரிகையில் நம் பக்கத்துப் போலீஸைப் பற்றி எழுதினார்களாம். எழுதியது நிஜம். அதைப் படித்து உங்கள் சபையில் கூடிப் பேசி, இங்கே உரிமை இல்லை என்று கண்டுபிடித்து, உதவியை நிறுத்தினார்கள். ஒரே ஒரு தாளில் கடிதம் வந்தது. கனத்த மனதுடன் என்று ஆரம்பித்திருந்தது. ஒரு போலீஸ்காரனும் வேலை இழக்கவில்லை. ஒரு லாரித் தோலும் நிற்கவில்லை. பால் நின்றது, மருந்தகம் மூடினார்கள், ஆலங்காயம் போகும் வழியில் பாதி இறக்கிய குழாய் இன்னும் மொட்டையாக நிற்கிறது, ஆடு மேய்க்கிறவர்கள் அதில் கயிறு கட்டுகிறார்கள். பதினோரு வயது செல்வி அடுத்த மாதமே அம்மாவோடு டேனரிக்குள் போனாள். உன் பெயர் கல்லூரிப் பட்டியலில் இருந்ததால் உன் படிப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கு மனுவைத் தட்டியதும் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை கன்னியம்மா வாசலில் நின்று கேட்டது இதுதான். “நான் புருசன கேட்டேன். அவங்க பால நிறுத்திட்டாங்களா?”

தான் பந்தலில் பேசியதற்குத்தான் இந்தப் பதில் என்று அவள் நம்பினாள். காலனியும் அதையே நம்பியது. குழாயடியில் பெண்கள் அவளிடம் நேருக்கு நேராகவே சொன்னார்கள். “வெள்ளைக்காரி முன்னால இன்னாத்துக்கு வாய தொறந்த? போனவன் போய்ட்டான், எம் புள்ள வாயில இருந்தத புடுங்கிட்டியேடி.” இன்னொருத்தி, “பேசுனா இல்ல, இப்ப ஊருக்கே பேஜாரு” என்றாள். அவள் குடத்தை அவர்கள் வரிசையில் வைக்க விடவில்லை. அவள் பேசியது அந்தப் பந்தலைத் தாண்டவே இல்லை என்பது அங்கே ஒரே ஒருத்திக்குத் தெரியும். அந்த ஒருத்தி தன் குடம் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சொல்லாத உண்மைக்குத் தண்டனை என்னிடம் வரவில்லை மகனே. அவளுக்குப் போயிற்று. இத்தனை வருஷம் அவள் கடைசிக் குடமாகத்தான் தண்ணீர் பிடித்தாள்.

இந்த வேலைக்கு நீ கிளம்பிப் போகும்போது ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு அவள் வந்திருந்தாள். ஷிப்டுக்கு இடையில் சொல்லாமல் வந்ததால் அரை நாள் சம்பளம் போயிருக்கும். பிளாட்பாரத்தில் எல்லாரையும் விட்டுத் தள்ளி நின்று, “தம்பி, நீ அந்த அம்மா ஊருக்கேதானே போற? அதும் ஆபீசுக்கே போறன்னு சொன்னாங்க. ஏழுமல இன்னா ஆச்சுன்னு கேட்டு ஒரு வரி எழுது கண்ணு” என்றாள். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். “சரிம்மா, பாக்கறேன்” என்றாய். வண்டி நகர்ந்தது. அந்தப் ‘பாக்கறேன்’ எனக்குத் தெரியும். அதை உனக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்றும் தெரியும்.

அன்றே, ஸ்டேஷன் வாசலில், வேப்பமரத்தடியில் அவளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். நீ சொன்னதை நான் சொல்லவில்லை கன்னியம்மா, வேறு ஒன்றைச் சொன்னேன் என்று. மூன்று வாக்கியத்தையும் தமிழில் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வெளியூரு போய்கீறாருன்னா சொன்ன?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்ப அந்தம்மா எதுக்கு அழுதுச்சு?” என்றாள். சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். “செரி. அப்ப சொல்லாதத இப்ப சொல்லு” என்றாள். மறுநாள் குழாயடிக்கு அழைத்துக்கொண்டு போய் அந்தப் பெண்கள் முன்னால் என்னைச் சொல்ல வைத்தாள். சொன்னேன். ஒருத்தி காறித் துப்பினாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு கன்னியம்மா தன் குடத்தை வரிசையில் வைத்தாள்.

உன் கொள்கை தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்க ஆள் இல்லாத நாட்டில் வெளியிலிருந்து ஒருவன் கேட்டால் நல்லது. நாங்கள் கேட்டால் ஸ்டேஷன் வாசல் கான்ஸ்டபிள்கூடத் தலை நிமிர மாட்டான். உங்கள் தாளில் ஒரு கேள்வி வந்தால் டெல்லியில் பதில் தேடுவார்கள். அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு நாட்டுக்கே மதிப்பெண் போட்டீர்கள், பெயிலானதும் பிள்ளைகளின் டம்ளரைப் பிடுங்கினீர்கள். ஒரு மனிதனின் பெயரைச் சொல்லி, இவன் எங்கே என்று ஒருமுறை கேட்டீர்களா? நிறுத்துவதற்கு முன்னால், யாருக்காக நிறுத்துகிறீர்களோ அவளைக் கேட்டீர்களா? கேட்டாலும் நடுவில் என்னைப் போல் ஒருத்தி இருப்பாள். வயிற்றுக்கும் பிள்ளைக்கும் பயந்து மூன்று வாக்கியம் சொல்வாள். அவளையும் சேர்த்து யோசித்துத்தான் நீ விதி எழுத வேண்டும். உனக்குத் தமிழ் தெரியும். இனிமேல் கன்னியம்மாவுக்கும் அந்த மேஜைக்கும் நடுவில் ஆள் தேவை இல்லை. நீ அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் நினைத்தேன். உன் முதுகில் தழும்பு இருக்கிறது என்று நினைத்தேன்.

வரும் மாசியில் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அணைக்கட்டுப் பக்கம், சொந்தமாகக் கொஞ்சம் நிலம். டேனரிக்குத் திரும்ப வேண்டாம் என்றுதான் அந்த இடத்தைப் பார்த்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனோம். நான்தான் எழுதிக் கொடுத்தேன். அச்சகத்துக்காரர் தாளைப் பார்த்து, “பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால இன்னா போடறது? திரு போடவா, காலஞ்சென்றன்னு போடவா?” என்று சாதாரணமாகக் கேட்டார். அவர் தினமும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. செல்வி குனிந்து தன் கையைப் பார்த்தாள். தோல் ஊறும் குரோம் தண்ணீரில் விரலிடுக்கு எல்லாம் அவளுக்குப் புண். கன்னியம்மா நெற்றிப் பொட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள். இதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

“அது உசுரோட வேணும்னு இப்ப நான் கேக்கல. அந்த ஆசை எல்லாம் போய்ட்ச்சு. கொன்னுட்டாங்கன்னா கொன்னுட்டோம்னு சொல்லட்டும். எந்த எடத்துலன்னு சொல்லட்டும். நான் பொட்டு வெக்கிறதா அழிக்கிறதான்னு பன்னெண்டு வருசமா கண்ணாடி முன்னால நிக்கிறேன். எம் பொண்ணு பத்திரிகையில அவ அப்பன் பேரு முன்னால இன்னா போடணும்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லு.”

நான் சொல்லிவிட்டேன். முதல் முறையாக அவள் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்திலும் தட்டி உன் அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், நீ பார்க்கவில்லை என்று சொல்ல முடியாதபடி. அச்சகத்தில் எல்லா எழுத்தும் கோத்தாகிவிட்டது. ஏழுமலையின் பெயருக்கு முன்னால் மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். பொங்கல் கழிந்ததும் அச்சில் ஏற்ற வேண்டும் என்று அச்சகத்துக்காரர் ஆள் விட்டுக்கொண்டே இருக்கிறார். சனிக்கிழமை அவள் வருவாள், இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறாள்.

அந்த இடத்தில் என்ன போடுவது? எழுது.